சாலையின் முதுகு

ஆகஸ்ட் மாதம். லைபீரியாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் லோஃபா மாவட்டம். செம்மண் சாலையின் நடுவில் ஒரு லாரி அச்சு வரை புதைந்து நிற்கிறது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து லாரிகள். நாம் கிளீனர் என்று சொல்லும் பையனை அங்கே ‘கார்பாய்’ என்பார்கள். அவன் முழங்கால் சேற்றில் இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி எறிகிறான். வெட்ட வெட்டப் பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறது. பக்கத்து ஊர் இளைஞர்கள் தோளில் மரக்கட்டைகளோடு வந்து நிற்கிறார்கள். கட்டையை அடுக்கி வண்டியைக் கரையேற்ற எவ்வளவு கொடுப்பாய் என்று பேரம் நடக்கிறது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

தலைநகர் மன்ரோவியாவிலிருந்து லோஃபாவின் தலைநகரான வொய்ன்ஜாமா ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வெயில் மாதங்களில் ஒரு நாளில் போய்விடலாம். மழை மாதங்களில் எத்தனை நாள் என்று எந்த டிரைவரும் வாக்குக் கொடுப்பதில்லை.

லைபீரியாவின் உள்நாட்டுப் போர் 1989 டிசம்பரில் தொடங்கியது. இடையில் சிறிது காலம் ஓய்ந்து, மறுபடி மூண்டு, 2003 ஆகஸ்டில் ஆக்ராவில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தோடு முடிந்தது. போர் நடந்த நாட்டில் சாலைகள் எப்படி அழியும் என்று கேட்டால் நம் கண்ணுக்கு முன்னால் குண்டும் பீரங்கியும்தான் வரும். பாலங்கள் சில தகர்க்கப்பட்டது உண்மை. ஆனால் பெரும்பாலான கிராமத்துச் சாலைகளைக் கொன்றது வெடிமருந்து இல்லை. சாலையோர வடிகாலில் விழுந்த இலைதழையை அள்ளிப் போட ஆள் இல்லாமல் போனதுதான். ஊர் முழுக்க எல்லை தாண்டி ஓடியிருந்தது. அள்ளியிருக்க வேண்டிய கைகள் கினியாவின் அகதி முகாம்களில் இருந்தன. வடிகால் அடைந்தது, தண்ணீர் சாலை மேல் ஏறியது. மீதி வேலையை மழை பார்த்துக்கொண்டது.

கல்லாகவும் களியாகவும்

மேற்கு ஆப்பிரிக்காவின் சாலைகள் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் செம்புராங்கல் வகை மண். இதன் ஆங்கிலப் பெயரான ‘லேட்டரைட்’ நம் பக்கத்தில் பிறந்தது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1800இல் மதராஸிலிருந்து புறப்பட்டு மைசூர், கனரா, மலபார் எங்கும் சுற்றினார். மலபாரின் அங்காடிப்புரத்தில், ஈரமாக இருக்கும்போது கத்தியால் அறுத்து எடுக்கிற மண், காற்றுப்பட்டதும் கல்லாக இறுகுவதைப் பார்த்தார். 1807இல் வெளியான தன் பயணநூலில், செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். கேரளத்தில் வீடு கட்டும் வெட்டுக்கல் அதுதான்.

வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையைத் தண்ணீர் கழுவுகிறது. கரையக்கூடிய உப்புகளும் சிலிக்காவும் மெல்ல மெல்லக் கழுவிப் போகின்றன. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடுகின்றன. அந்தச் சிவப்பு துருவின் சிவப்பு. கருங்கல் ஜல்லி கிடைக்காத காட்டுப் பகுதியில் சாலை போடுகிறவர்களுக்கு இந்தச் சரளை பெரிய வரம். நல்ல செம்புராங்கல் சரளையைப் பரப்பி, அளவான ஈரத்தில் இறுக்கினால், காய்ந்தபின் சிமென்ட் தரை மாதிரி நிற்கும்.

அதே சாலை நனைந்தால் ஏன் களியாகிறது? கடற்கரையில் மணல் வீடு கட்டியவர்களுக்கு விடை பாதி தெரியும். காய்ந்த மணலில் வீடு நிற்காது, தண்ணீரில் முழுகிய மணலிலும் நிற்காது. லேசான ஈரம் இருக்க வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் தண்ணீரே நிறைந்துவிட்டால் அந்த இழுப்பு மறைந்துவிடும். அதன்மேல் சக்கரம் ஏறும்போது சுமையின் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்க நேர்கிறது. தண்ணீருக்குச் சக்கரத்தைத் தாங்கும் வலு கிடையாது. அது விலகி ஓடப் பார்க்கும், போகும்போது மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். கார்பாய் வெட்டிய பள்ளத்தில் நாம் பார்த்தது இதைத்தான்.

மண்ணின் பலத்தை அளக்க உலகமெங்கும் செய்யப்படும் சோதனை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறை வகுத்தது. உருளைக்குள் மண்ணை இறுக்கி, அதில் ஓர் எஃகுத் தண்டை மெதுவாக அழுத்தி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பார்கள். உடைத்த நல்ல ஜல்லியின் எதிர்ப்பை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற மண்ணுக்கு மதிப்பெண் போடுவார்கள். அழுத்துவதற்கு முன் அந்த மண்ணை வழக்கமாக 4 நாள் தண்ணீரில் ஊறப்போடுவது இந்தச் சோதனையின் நுட்பமான பகுதி. வெயிலில் எந்த மண்ணும் வீரம் பேசும். மூழ்கி எழுந்தபின் அதற்கு என்ன மிச்சம் என்பதே சாலைக்குத் தேவையான பதில்.

மன்ரோவியாவில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. உலகின் தலைநகரங்களில் இவ்வளவு நனைவது மிகச் சிலவே. உள்நாட்டில் இதைவிடக் குறைவுதான், ஆனாலும் மே முதல் அக்டோபர் வரை சாலையை ஊறப்போட அது தாராளமாகப் போதும்.

ஒரு பலகை, ஒரு ரசமட்டம்

ஆகவே மண்சாலைக் கலையின் முதல் பாடம் வண்டியைப் பற்றியது இல்லை. விழுந்த மழை சாலைக்குள் இறங்குமுன் அதை வெளியே அனுப்புவது பற்றியது. அதற்குச் சாலைக்கு முதுகு வேண்டும். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும்.

எவ்வளவு சரிவு? தார்ச்சாலைக்கு 2, 3 சதவீதம் போதும். மண்ணும் சரளையும் என்றால், கையால் போடும் சாலைகளில் 8 சதவீதம் வரை வைப்பார்கள். வண்டி ஓடி ஓடி முதுகு தட்டையாகும் என்று தெரிந்தே கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். 5 மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டரை மீட்டர். அதில் 8 சதவீதம் என்றால் 20 சென்டிமீட்டர். நடு முதுகு ஓரத்தைவிட ஒரு சாண் உயரம்.

இதை அளக்கும் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டரை மீட்டர் நீளப் பலகை ஒன்று. ஒரு முனையில் குட்டைக் கால், மறுமுனையில் அதைவிட 20 சென்டிமீட்டர் நீளமான கால். பலகையின் மேல் கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டம். குட்டைக் காலைச் சாலையின் நடுவிலும் நெட்டைக் காலை ஓரத்திலும் வைக்க வேண்டும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் சரிவு சரி. ஓரத்துப் பக்கம் நகர்ந்தால் ஓரம் மேடு, அங்கே சீவ வேண்டும். நடுப் பக்கம் நகர்ந்தால் நடு மேடு, ஓரத்தில் மண் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அரை நாளில் பழகிக்கொள்ளலாம். ஊர்த் தச்சர் ஒரு காலைப் பொழுதில் செய்து தந்துவிடுவார். சதவீதக் கணக்கு முழுவதும் அந்தக் கால்களின் உயர வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதுகிலிருந்து வழிந்த தண்ணீர் ஓரத்து வடிகாலில் விழுகிறது. அங்கேயே விட்டால் அது சேர்ந்து, வேகம் பிடித்து, வடிகாலையே ஓடையாக அரித்துவிடும். அதனால் சிறு சிறு இடைவெளியில் வடிகாலைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும். சரிவான இடங்களில் வடிகாலுக்குள்ளேயே கல்லாலோ குச்சியாலோ குட்டித் தடுப்புகள் வைத்து, ஓடும் நீரை நடக்கவைக்க வேண்டும். திருப்ப முடியாத தாழ்வான இடத்தில் சிறுபாலம். லைபீரியாவில் இவற்றில் பல மரக்கட்டைப் பாலங்கள். மரம் வெட்டும் கம்பெனிகள் தங்கள் லாரிகளுக்காகப் போட்டவை. மழைக்காட்டு ஈரத்தில் கட்டை சில ஆண்டுகளில் உளுத்துவிடும். மாற்ற ஆளில்லாத பதினான்கு ஆண்டுகளில் அவற்றின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோடைக்கு வேறொரு நோய். ஈரம் வற்றிய சரளைச் சாலை நெளிநெளியாக எழும்பி, வண்டியில் போகிறவரின் பல்லை ஆட்டும். வண்டியின் ஸ்பிரிங்தான் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் ஆகிய இயற்பியலாளர்கள், சுழலும் வட்டத்தில் மணலைப் பரப்பி ஒரு சின்னச் சக்கரத்தை உருட்டிப் பார்த்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் நெளிவை உண்டாக்கியது. மணலுக்குப் பதில் அரிசியைக் கொட்டியும் பார்த்தார்கள். அதிலும் நெளிவு எழுந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் மட்டுமே பரப்பு சமமாக இருந்தது, அந்த வேகமோ லாரி டிரைவர் யாரும் பொறுக்க முடியாத அளவு குறைவு. ஆக இந்த நோய் வராமல் தடுக்க முடியாது. அவ்வப்போது இழுத்துச் சமன் செய்வது ஒன்றே வழி.

பயத்துக்கும் பாதை உண்டு

கண்டத்தின் மறுகோடியில் மொசாம்பிக்கின் கதையில் இன்னொரு பொருள் சேர்கிறது. அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் சமாதானம் கையெழுத்தானபின், அண்டை நாடுகளில் இருந்த சுமார் 17 லட்சம் அகதிகள் ஊர் திரும்பினார்கள். திரும்பும் வழிகளில் கண்ணிவெடி.

கண்ணிவெடியின் கொடிய கணக்கு இது: ஒரு சாலையை மூட நூறு வெடிகள் தேவையில்லை. ஒன்று போதும். அந்த ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை, இருப்பதாகப் பேச்சு பரவினாலே போதும். சாலையில் புல் முளைக்கும், மக்கள் புதருக்குள் வேறு ஒற்றையடிப் பாதை போட்டுக்கொள்வார்கள். அதனால் அங்கே மண்வெட்டி இறங்குவதற்கு முன் கண்ணிவெடி தேடுகிறவர்கள் இறங்க வேண்டியிருந்தது. பின்னாளில் இந்தத் தேடலுக்குத் தான்சானியாவின் மொரோகோரோவில் பழக்கப்பட்ட பெரிய பை எலிகளும் வந்து சேர்ந்தன. வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடித்து நிலத்தைப் பிறாண்டும். மிதித்தாலும் வெடிக்காத எடை. உலோகம் காட்டும் கருவி துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் கூவும். எலி ஆணியைக் கண்டுகொள்ளாது. 2015 செப்டம்பரில் மொசாம்பிக் கண்ணிவெடியற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாகி 23 ஆண்டுகள் கழித்து.

கையா, எந்திரமா?

சாலையை யார் போடுவது என்ற கேள்விக்கு வருவோம். கிரேடரும் ரோடு ரோலரும் வேலையை வேகமாக முடிக்கும். ஆனால் அவற்றைக் காட்டுக்குள் கொண்டுபோகவே சாலை வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் துறைமுகத்திலிருந்து வர வேண்டும். டீசலும் அப்படியே. கென்யா 1974இல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டம் வேறு வழியைக் காட்டியது: மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, ரசமட்டப் பலகை, கூடவே நல்ல பயிற்சி பெற்ற மேஸ்திரிகள். கிசி நகரத்துப் பயிற்சி மையத்துக்கு மற்ற ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்களும் வந்து கற்றுப்போனார்கள். மொசாம்பிக் 1981இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் துணையோடு இதே முறையைத் தொடங்கி, சமாதானத்துக்குப் பின் விரிவாக்கியது.

இதில் கூலி பெரும்பாலும் நாள் கணக்கில் இல்லை, பங்கு கணக்கில். இத்தனை கன மீட்டர் மண், இத்தனை மீட்டர் வடிகால் என்று காலையில் நூல் கட்டிப் பங்கு பிரித்துவிடுவார்கள். முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். சுறுசுறுப்பானவர் மதியத்துக்குள் முடித்துவிட்டுத் தன் வயலுக்குப் போய்விடுவார். லைபீரியாவில் இது சின்ன விஷயம் இல்லை. மண்வேலைக்கு ஏற்ற வறண்ட மாதங்களில்தான் மலைநெல் விதைக்கக் காட்டைத் திருத்தவும் வேண்டும். விவசாயியின் பஞ்சாங்கத்தைப் பார்க்காத கான்டிராக்டருக்கு மார்ச் மாதத்தில் ஆள் கிடைக்காது.

போருக்குப் பின் கூலிக்கு இன்னொரு கனமும் சேர்கிறது. 2003 டிசம்பர் முதல் 2004 நவம்பர் வரை லைபீரியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போராளிகள் என்று பதிந்துகொண்டார்கள். ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் சுமார் 28,000. அந்த இளைஞர்களுக்கு வேலை வேண்டும். ஆனால் துப்பாக்கி பிடித்தவனுக்கு மட்டும் வேலை கொடுத்தால், அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவர் என்ன நினைப்பார்? ஆகவே சாலை வேலையில் இரு தரப்பையும் ஒரே நூலில் நிறுத்துவது நல்ல ஏற்பாடு. அடுத்தடுத்த பங்கில் வெட்டுகிறவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். ஒருவரின் வடிகால் அடுத்தவரின் வடிகாலில் போய்ச் சேர வேண்டுமே.

கூலியில்லாத சாலையின் நினைவு

போட்ட சாலையைக் காப்பது யார்? திட்ட அறிக்கைகளில் அடிக்கடி வரும் பதில்: “ஊரே பார்த்துக்கொள்ளும்.” கேட்க நன்றாக இருக்கிறது. லைபீரியக் கிராமத்துப் பெரியவர் ஒருவரின் காதில் இது எப்படி விழும் என்பதை அறிய நாம் 1930க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு, லைபீரியாவில் அடிமை முறையும் கட்டாய உழைப்பும் இருப்பதாக எழுந்த குற்றச்சாட்டை விசாரிக்க ஒரு சர்வதேசக் குழு வந்தது. தலைவர் பிரிட்டனின் கத்பர்ட் கிறிஸ்டி. உறுப்பினர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஜான்சனும் லைபீரியாவின் முன்னாள் அதிபர் ஆர்தர் பார்க்லேவும். பெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்கு ஆட்கள் பிடித்து அனுப்பப்பட்டது அந்த அறிக்கையின் பெரிய செய்தி. கூடவே இன்னொன்றும் வெளிவந்தது: உள்நாட்டு மோட்டார் சாலைகள் கிராமத்தாரின் கட்டாய உழைப்பில் போடப்பட்டன. கூலி கிடையாது. சோற்றையும் கருவியையும் அவர்களே கொண்டுவர வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் சார்லஸ் கிங் பதவி விலகினார்.

பக்கத்து நாடான சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரை ஆராய்ந்த மானுடவியலாளர் பால் ரிச்சர்ட்ஸ், கிராமத்து இளைஞர்களின் மனக்குறைகளில் ஒன்றாகத் தலைவர்கள் சுமத்திய கூலியில்லா ஊர்வேலையைக் குறிப்பிடுகிறார். சாலை செப்பனிடுவதும் அந்த ஊர்வேலையில் சேர்ந்தது. அதாவது, நாம் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதுவது அங்கே சிலருக்குப் போரின் காரணங்களில் ஒன்றாக ஒலிக்கலாம்.

இங்கேதான் மண்ணின் விதியும் மனிதரின் கதையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது. ஆகவே அதைத் தடுப்பவரும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்பவராக, சாலையோரத்திலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கிரேடரால் இது ஆகாது. இது மண் சொல்வது. அந்த அண்டைவீட்டாருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இது வரலாறு சொல்வது. இரண்டில் ஒன்றை விட்டாலும் சாலை நிற்காது.

சாலை எதைக் கொண்டுவரும்?

சியரா லியோனில் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் கிராமச் சாலைகளைச் செப்பனிட்டபோது, எதை முதலில் எடுப்பது என்று சாலைகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். நிதி தீர்ந்த இடத்தில் கோடு விழுந்தது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்த சாலைக்கும் சற்றுக் கீழே இருந்த சாலைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒன்று செப்பனிடப்பட்டது, மற்றது இல்லை, அவ்வளவுதான். பொருளியலாளர்கள் லொரென்சோ காசபூரி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், தவ்நீத் சூரி மூவரும் இந்த இயற்கையான ஒப்பீட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நல்ல சாலை வந்த பக்கத்துச் சந்தைகளில் அரிசியும் மரவள்ளியும் விலை இறங்கியிருந்தன. பெரிய நகரங்களிலிருந்து தூரமாக இருந்த சந்தைகளில் இறக்கம் அதிகம். வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு நல்ல செய்தி. விற்கிறவருக்கு? வண்டிக் கூலி குறைந்தது லாபம், சந்தை விலை குறைந்தது நஷ்டம். எது மிஞ்சும் என்பது அவர் எவ்வளவு விளைவிக்கிறார், எத்தனை வியாபாரிகள் அவரைத் தேடி வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நல்ல சாலையில் முதலில் வருவது பெரும்பாலும் லாரி இல்லை, மோட்டார் சைக்கிள். லைபீரியாவில் வாடகை மோட்டார் சைக்கிளைப் ‘பென்-பென்’ என்கிறார்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலருக்கு அந்த இருக்கையே பிழைப்பானது. பிரசவ வலி கண்ட பெண்ணும், ஒரு மூட்டை மிளகாயும், பள்ளி ஆசிரியரும் அதில்தான் வருகிறார்கள். ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலத்தில் தண்ணீர் தேங்காத பாதையும் மரப்பாலங்களும் இருந்தால் அதற்குப் போதும்.

பின்னால் வரும் கனரக லாரி வேறு கணக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி ஓட்டிச் சாலையைச் சோதித்தார்கள். அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது. அது கெட்டிச் சாலையில் கண்ட கணக்கு, சரளைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மழையில் நனைந்த முதுகின் மேல் மரம் ஏற்றிய ஒரு லாரி போனால், ஆயிரம் பென்-பென் செய்யாததைச் செய்துவிடும். மழை நாளில் தடுப்புக் கட்டை போட்டு லாரியை நிறுத்தும் அதிகாரம் ஊருக்கு இருக்கிறதா என்பது, எத்தனை கன மீட்டர் சரளை கொட்டினோம் என்பதற்குச் சமமான பொறியியல் கேள்வி.

சாலை நல்லது கெட்டது பிரித்துப் பார்ப்பதில்லை. 2014 மார்ச்சில் எபோலா கினியாவின் கெக்கெடு பகுதியிலிருந்து எல்லை தாண்டி லோஃபாவின் ஃபோயாவுக்கு வந்தது, மக்கள் சந்தைக்கும் சாவுக்கும் போய்வரும் அதே வழிகளில். அந்த மழைக்காலத்தில் நோயாளியைத் தேடிப் போன குழுக்களும் ரத்த மாதிரிகளும் மாட்டிக்கொண்டது அதே சேற்றில். நோய் நடந்தே போகும். மருந்துக்கு வண்டி வேண்டும்.

ஏப்ரலில் ஒருவர்

கென்யத் திட்டம் விட்டுச்சென்ற எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சாலை போட்ட கூலியாட்களிலேயே, அந்தச் சாலையோரம் குடியிருக்கும் ஒருவருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரை ஒப்படைப்பது. மாதத்தில் சில நாள் வேலை, அதற்கு மாதக் கூலி. அவர் கையில் ஒரு மண்வெட்டி, ஒரு வெட்டுக்கத்தி, ஒரு தள்ளுவண்டி. இதில் தோற்றுப்போன இடங்களில் பெரும்பாலும் தோற்றது ஆள் இல்லை. கூலி மாதக்கணக்கில் வராமல் போயிருக்கும். லைபீரியா 2016இல் சட்டம் போட்டுத் தேசியச் சாலை நிதியை உருவாக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான்: எரிபொருள் போடுகிறவர் கொடுக்கும் பணம் சாலைப் பராமரிப்புக்கே போக வேண்டும். மன்ரோவியாவிலிருந்து கான்டா வழியாகக் கினியா எல்லை வரை போட்ட பெருஞ்சாலையிலும் இதே எண்ணம்தான், கட்டிய கம்பெனியே பல ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். கிராமச் சாலைக்கும் அதே நியாயம் போய்ச் சேர வேண்டும்.

ஏப்ரல் கடைசி. முதல் பெருமழைக்கு இன்னும் சில நாள். தன் இரண்டு கிலோமீட்டரின் முதல் வடிகால் வாயில் ஒருவர் குனிந்திருக்கிறார். கோடை முழுவதும் விழுந்த சருகு, யாரோ வீசிய பிளாஸ்டிக் பை, ஆட்டுக்குட்டி சரித்துவிட்ட மண் எல்லாவற்றையும் வாரி வெளியே போடுகிறார். எழுந்து, பலகையைச் சாலைக்குக் குறுக்கே வைத்து, ரசமட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கிறார். குமிழி ஓரத்துப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. முதுகு அமுங்கியிருக்கிறது. தள்ளுவண்டியில் சரளை எடுத்துவரப் போகிறார். போன மாதக் கூலி இன்னும் வரவில்லை.